தின்பண்ட உறையும் சங்கக் கணக்கும்

(கூட்டுறவுப் பாடம்: தறிக்கூடத்திலும் களத்திலும் சங்கக் கட்டடத்திலும் சேரும் பொட்டல உறைகளைக் கையாளும் முறை)

கூட்டுறவுச் சங்கத்தின் சரக்கு இருப்பைப் பரிசோதிப்பவர் ஒவ்வொரு பொருளைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேட்பார். இது எங்கிருந்து வந்தது? எங்கே போயிற்று? நூல் சிப்பம் வந்தால் வரவுப் பதிவு உண்டு. நெசவாளருக்குப் பாவும் ஊடையும் கொடுத்தால் வழங்கற் பதிவு உண்டு. அவை சேலையாகத் திரும்பும்போது எடை பார்த்து, கழிவு நூலையும் சேர்த்துக் கணக்கை நேர் செய்கிறோம். விற்பனைச் சங்கத்தின் களத்துக்கு வரும் பருத்திக்கும் நிலக்கடலைக்கும் இதே ஒழுங்குதான். பத்துக் கிராம் நூல் குறைந்தாலும் காரணம் கேட்கும் நாம், நாள்தோறும் நமது கட்டடத்துக்குள் வரும் ஒரு பொருளை மட்டும் எந்தப் பதிவேட்டிலும் ஏற்றுவதில்லை. அதுவே மிக்சர், காராசேவ், கிழங்கு வறுவல், பிஸ்கோத்து முதலியவற்றின் உறை.

இப்பொழுது பல அலுவலகங்களிலும் பொதுக் கட்டடங்களிலும் உறைகளுக்கென்று தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் 'மறுசுழற்சிக்கு' என்று எழுதி வைக்கிறார்கள். நல்ல எண்ணமே. ஆனால் அப்பெட்டி நிரம்பிய பிறகு எங்கே போகிறது என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. பெட்டியில் போடப்பட்டது கழிந்த பொருள் என்று நினைக்கிறோம். கணக்கு முறைப்படி அது இன்னும் கையிருப்பே. பெற்றுக்கொண்டவரின் ரசீது வந்தால்தான் அது வழங்கப்பட்டதாகும். இந்த ஒரு விதியை மனத்திற்கொண்டு, உறை யாது, அதற்குப் போக்கிடம் எவை, ஒரு சங்கம் செய்யக்கூடியது என்ன என்று முறையே ஆராய்வோம்.

1. உறையால் நமக்கு நேரும் நஷ்டம்

இது நகரசபையின் வேலை, நமக்கென்ன என்று சில அங்கத்தினர்கள் எண்ணக்கூடும். நெசவாளருக்கும் விவசாயிக்கும் இதில் நேரடியான நஷ்டம் உண்டு.

முதலாவது, பருத்தி. செடியிலிருந்து பருத்தி எடுப்பவர் இடையில் களைப்பாறித் தின்றுவிட்டு எறியும் உறை, எடுத்த பருத்தியோடு மூட்டைக்குள் போகிறது. கொட்டை நீக்கும் ஜின்னிங் ஆலையில் அது துண்டு துண்டாகிறது. அத்துண்டுகள் பஞ்சோடு கலந்து நூற்பாலைக்குச் சென்று, சில இழையோடு இழையாக நூலிலும் ஏறிவிடுகின்றன. பருத்திக்கு ஊட்டும் சாயத்தைப் பிளாஸ்டிக் ஏற்பதில்லை. ஆகவே துணி சாயத்தொட்டியிலிருந்து வெளிவந்த பிறகே அந்தக் குற்றம் வெளிறிய புள்ளியாகக் கண்ணுக்குத் தெரிகிறது. அப்பொழுது பஞ்சின் விலை, நூற்புக் கூலி, நெசவுக் கூலி, சாயச் செலவு எல்லாம் அதன்மேல் ஏறிவிட்டன. சாக்கு இழையும், பாலிதீன் துண்டும், மிட்டாய், பாக்குப் பொட்டலங்களின் உறையும் இந்தியப் பருத்தியின் மதிப்பைக் குறைப்பனவாக நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகின்றன. 2000-ம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய பருத்தித் தொழில்நுட்ப இயக்கம், விற்பனைக் களங்களையும் ஜின்னிங் ஆலைகளையும் சீர்திருத்த முற்பட்டதற்கு இந்தக் கலப்பை நீக்குவதும் ஒரு நோக்கமாகும். விவசாயியின் வயலில் விழுந்த ஓர் உறை நெசவாளரின் சேலையில் குற்றமாக முடிகிறது என்பதை இரு சாராரும் சேர்ந்து சிந்திக்க வேண்டும்.

இரண்டாவது, எலி. துகள் ஒட்டிய உறைகள் மூலையில் குவிந்தால் எறும்பும் எலியும் வரும். எலி தின்பண்டத்தைத் தேடி வந்தாலும் பல் வைப்பது நூலில். கிடங்கில் கடியுண்ட ஒரு சிப்பம் நூலின் விலையில் எத்தனை குப்பைப் பெட்டிகள் வாங்கலாம் என்று காரியதரிசிகளே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

மூன்றாவது, தீ. மாலையில் கூட்டிப் பெருக்கிக் கொல்லைப்புறத்தில் குவித்துக் கொளுத்துவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. உறைகள் குறைந்த சூட்டில் அரைகுறையாக எரியும்போது கரும்புகையும் கார்பன் மோனாக்சைடும் எழுகின்றன. குளோரின் கலந்த பி.வி.சி. பிளாஸ்டிக் அதில் இருந்தால் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சும் உண்டாகும். பஞ்சுத் தூசும் நூலும் நிறைந்த தறிக்கூடத்தின் பக்கத்தில் பொறி பறப்பதன் ஆபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. 2016-ம் ஆண்டில் வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகள், கழிவை உண்டாக்குவோர் அதனைத் தெருவிலும் வாய்க்காலிலும் எறிவதையும், எரிப்பதையும், புதைப்பதையும் தடுத்தன. எனவே எரிப்பது சிக்கனமும் அன்று, சட்டத்துக்கு உகந்ததும் அன்று.

2. உறையின் அமைப்பு

தூக்கி எறியத்தக்க அற்பப் பொருளாகத் தோன்றும் இவ்வுறை, உண்மையில் மிக்க திறமையுடன் செய்யப்பட்டதாகும். வறுத்த பண்டத்துக்குப் பகைவர் மூவர்: ஈரம், காற்றிலுள்ள பிராணவாயு, வெளிச்சம். ஈரத்தால் மொரமொரப்புப் போகும். பிராணவாயுவாலும் வெளிச்சத்தாலும் எண்ணெய் காறும். இம்மூன்றையும் தடுப்பதற்காகவே உறையைப் பல அடுக்குகளாகச் செய்கிறார்கள். வெளிப்புறத்தில் அச்சுப் பதிந்த பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் ஏடு. நடுவில் அலுமினியம் பூசிய ஏடு. உட்புறத்தில் சூடு வைத்தால் ஒட்டிக்கொள்ளும் பாலிதீன் போன்ற ஏடு. இவற்றை இணைக்கும் பசை. பெரும்பாலான உறைகளின் பொது அமைப்பு இதுவே. பொட்டலம் உப்பியிருப்பதற்குக் காரணமும் உண்டு. காற்றை நீக்கி நைட்ரஜன் வாயுவை அடைப்பதால் பண்டம் காறாமலும் நொறுங்காமலும் இருக்கிறது.

இந்த அடுக்கமைப்பே பிறகு இடையூறாகிறது. பாலிதீன் ஏறத்தாழ 110 முதல் 130 டிகிரி சூட்டிலும், பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரியை ஒட்டியும், பாலியெஸ்டர் 250 டிகிரிக்கு மேலும் உருகுகின்றன. ஒன்று உருகும் சூட்டில் மற்றொன்று உருகாது. எல்லாம் உருகும் சூட்டில் முதலாவது கெடத் தொடங்கிவிடும். உருகினாலும் எண்ணெயும் தண்ணீரும்போல் இவை மனமொத்துக் கலப்பதில்லை. பஞ்சும் பாலியெஸ்டரும் சேர்த்து நூற்ற கலப்பு நூலிலிருந்து பஞ்சை மட்டும் திரும்பப் பிரித்தெடுப்பது எவ்வளவு கடினமோ, அவ்வளவு கடினம் இவ்வேடுகளைப் பிரிப்பதும்.

'உள்ளே வெள்ளிபோல் மின்னுகிறதே, அந்த உலோகமாவது விலை போகாதா?' என்று கேட்கலாம். இதற்கு ஜரிகையையே உதாரணமாகக் கொள்வோம். அசல் ஜரிகையில் பட்டிழையின்மேல் வெள்ளி இழை சுற்றிப் பொன் முலாம் பூசப்பட்டிருக்கிறது. அதனால்தான் நைந்துபோன பட்டுச் சேலையையும் தெருவில் கூவி வாங்கிப் போகிறவர் இருக்கிறார். ஜரிகையை எரித்து வெள்ளியை எடுத்தால் அவருடைய உழைப்புக்கு ஊதியம் கிடைக்கிறது. உறையிலுள்ள அலுமினியப் பூச்சின் கனமோ தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை எடுக்க ஆகும் செலவு அதன் விலையைப் பன்மடங்கு மிஞ்சும். ஆகவே உறையைக் கூவி வாங்க ஒருவரும் வருவதில்லை.

இதனோடு பால் உறையை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆவின் முதலிய பால் உறைகள் பாலிதீன் என்ற ஒரே இனத்தால் ஆனவை. அதைக் கழுவி உலர்த்தி வைத்தால் பழைய பொருள் வியாபாரி எடை போட்டு வாங்கிக் கொள்கிறார். தேநீர் வேளையில் ஒரே மேஜையின்மேல் கிடக்கும் இரண்டு உறைகளில் ஒன்றுக்கு விலை உண்டு, மற்றொன்றுக்கு இல்லை. ஓர் இனப் பொருள் மீளும். பல இனம் ஒட்டிய பொருள் எளிதில் மீளாது. இப்பாடத்தில் நினைவிற்கொள்ள வேண்டிய இரண்டாவது விதி இது.

3. போக்கிடங்கள் எவை?

பல அடுக்கு உறைக்கு இன்று நமது நாட்டில் மூன்று போக்கிடங்களைச் சொல்லலாம்.

ஒன்று, சாலை. மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரியின் இரசாயனப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன் வகுத்த முறை இது. பிளாஸ்டிக்கைச் சிறு துண்டுகளாக்கி, ஏறத்தாழ 160, 170 டிகிரிக்குச் சூடேற்றிய ஜல்லியின்மேல் தூவினால், அது உருகி ஒவ்வொரு கல்லின்மேலும் மெல்லிய பூச்சாகப் படிகிறது. அதன்பின் தார் சேர்க்கிறார்கள். பூச்சுப் பெற்ற கல்லைத் தார் நன்கு பற்றுவதுடன், நீர் எளிதில் உட்புகுவதில்லை. அலுமினியம் பூசிய தின்பண்ட உறையையும் இதில் பயன்படுத்தலாம். பி.வி.சி. மட்டும் கூடவே கூடாது. இந்தியச் சாலைப் பேரவை 2013-ம் ஆண்டில் இம்முறைக்கு நெறிமுறை வகுத்தது. பேராசிரியருக்கு 2018-ம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

இரண்டு, சிமெண்டுச் சூளை. சுமார் 1,400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் நிலக்கரிக்குத் துணையாக இவ்வுறைகளை எரிக்கிறார்கள். சாம்பலும் சிமெண்டுக் கட்டியோடு கலந்துவிடுகிறது. கொல்லைப்புறத் தீயோடு இதனை ஒப்பிடலாகாது. ஆயினும் இதுவும் எரிப்பே. உறை மறுபடியும் உறையாவதில்லை. இதற்கு மறுசுழற்சி என்று பெயரிடுவது பொருந்தாது.

மூன்று, பலகை. சில இடங்களில் உறைகளைத் துண்டாக்கிச் சூட்டில் அழுத்திப் பலகையாகவும் ஓடாகவும் செய்கிறார்கள். இதற்குப் பொருள் சுத்தமாகவும் ஏராளமாகவும் வேண்டும். செய்த பலகைக்கு வாங்குவோரும் வேண்டும்.

வெளிநாட்டு அனுபவம் ஒன்றும் கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தில் வாக்கர்ஸ் என்னும் கிழங்கு வறுவல் கம்பெனி, டெராசைக்கிள் என்ற ஸ்தாபனத்துடன் சேர்ந்து 2018 டிசம்பரில் ஒரு சேகரிப்புத் திட்டம் தொடங்கியது. தங்கள் உறைகளைக் கம்பெனிக்கே தபாலில் திருப்பியனுப்பிப் பொதுமக்கள் கிளர்ச்சி செய்ததற்குச் சில மாதங்களுக்குப் பின் இது நிகழ்ந்தது. பள்ளிகளும் அலுவலகங்களும் பொதுக் கட்டடங்களும் சேகரிப்பு நிலையங்களாயின. சேர்ந்த உறைகளைச் சிறு மணிகளாக்கிப் பெஞ்சு முதலிய பொருள்கள் செய்தனர். 2022 ஏப்ரலில் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. பெரிய கடைகளின் வாயிலில் மெல்லிய பிளாஸ்டிக்கைச் சேகரிக்கும் முறை அதன் இடத்துக்கு வந்தது. சேகரிக்கும் ஊக்கம் மக்களிடம் இருந்தும், போக்கிடம் பிறர் கையில் இருந்தமையால், அவர் நிறுத்தியபோது பெட்டி வைத்திருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. ஒரே வாங்குவோரை நம்பி உற்பத்தி செய்யும் நெசவாளர் சங்கத்துக்கு இந்த நிலை புதிதன்று.

நமது சட்டத்தின் நிலையையும் சுருக்கமாகக் கூறுவோம். 2016-ம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகள், மறுசுழற்சி செய்ய இயலாத பல அடுக்கு உறைகளை இரண்டாண்டுகளில் ஒழிக்க வேண்டும் என்றன. 2018-ம் ஆண்டுத் திருத்தம் இதைத் தளர்த்தி, மறுசுழற்சிக்கோ, எரிசக்திக்கோ, வேறு உபயோகத்துக்கோ ஆகாதவற்றை மட்டும் ஒழிக்கச் சொல்லியது. சூளைக்கும் சாலைக்கும் போகக்கூடிய உறை இதனால் நிலைபெற்றது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பை, குவளை, தட்டு உள்ளிட்ட 14 வகை பிளாஸ்டிக் பொருள்கள் தடுக்கப்பட்டன. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. துணிப்பை கடைக்குத் திரும்பிப் போனது நெசவாளருக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்தப் பைக்குள்ளேயே பத்துப் பொட்டலங்கள் வீட்டுக்கு வருகின்றன. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் அமலுக்கு வந்த தடைப் பட்டியலிலும் தின்பண்ட உறை இடம்பெறவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் வெளியான நெறிமுறைகள், உறைகளை நான்கு வகையாக்கி, பல அடுக்கு உறையைத் தனி வகையாக வைத்து, அவற்றைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மீதும், இறக்குமதியாளர்மீதும், விற்பனைப் பெயருக்கு உரியவர்மீதும் சுமத்தின. பொறுப்பு அவர்களுடையதே. ஆயினும் சேர்த்துக் கட்டி வைத்த மூட்டையைத்தான் அவர்களிடம் சேர்க்க முடியும். வாய்க்காலில் மிதக்கும் உறைக்கு எந்தக் கம்பெனியும் கணக்குக் காட்டாது.

4. எடையும் கூலியும்

இனி எண்களைப் பார்ப்போம். சிறு பொட்டலத்தின் வெறும் உறை ஏறத்தாழ இரண்டு, மூன்று கிராம் நிற்கும். நூல் நிறுக்கும் தராசு நம்மிடம் இருப்பதால் இதனை அங்கத்தினர்களே சோதித்துப் பார்க்கலாம். அறுபது பேர் வேலை செய்யும் ஒரு தறிக்கூடத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பொட்டலம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 வேலை நாட்களில் 1,500 உறைகள் சேரும். எடையோ மூன்று முதல் நாலரைக் கிலோதான். 1,500 உறைகள் தெருவில் சிதறினால் ஊரே குப்பை. தராசில் வைத்தால் ஒரு சிறு மூட்டை.

இந்த முரண்பாட்டில்தான் நடைமுறைத் தொல்லை முழுவதும் அடங்கியிருக்கிறது. நாலு கிலோவுக்காக எந்தச் சூளையிலிருந்தும் லாரி வராது. பழைய பொருள் சேகரிக்கும் ஏழைத் தொழிலாளியும் இதைத் தொடுவதில்லை. ஒரு கிலோ சேர்க்க அவர் 300 முதல் 500 முறை குனிய வேண்டும். சேர்த்தாலும் விலை இல்லை. அதே நேரத்தில் பத்துப் பதினைந்து தண்ணீர்ப் பாட்டில்களைச் சேர்த்தால் ஏதோ காசு கிடைக்கும். அவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு உறையை விட்டுப் போவதில் வியப்பில்லை.

விலையில்லாத பொருளை ஒருவர் சுமந்து செல்ல வேண்டுமானால் அவருடைய உழைப்புக்கு நாம் கூலி கொடுக்க வேண்டும். இந்த உண்மையை ஒரு கூட்டுறவு ஸ்தாபனமே நாட்டுக்கு எடுத்துக்காட்டியுள்ளது. புனே நகரில் பழைய பொருள் பொறுக்கும் தொழிலாளர்கள் 1993-ம் ஆண்டில் ஒரு தொழிற்சங்கமாகத் திரண்டனர். பின்னர் அவர்களே உடைமையாளர்களாக 'ஸ்வச்' என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, 2008-ம் ஆண்டில் புனே மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டனர். வீடுதோறும் சென்று தரம் பிரித்த கழிவைப் பெறுகிறார்கள். அதற்கு வீட்டார் மாதக் கட்டணம் தருகிறார்கள். விற்கக்கூடியதை விற்று வரும் பணமும் தொழிலாளர்களுக்கே. அதாவது பொருளின் விலை ஒரு வருமானம், சேவைக்குக் கூலி மற்றொரு வருமானம். உறை போன்ற விலையற்ற பொருளைத் தாங்குவது இரண்டாவது வருமானமே. நமது கட்டடத்தைப் பெருக்கும் அம்மாளிடம் தரம் பிரிக்கும் வேலையையும் சேர்த்து ஒப்படைத்துவிட்டுச் சம்பளத்தைப் பழையபடியே வைத்திருப்பது கூட்டுறவாகாது. தின்றவரே பிரித்துப் போட வேண்டும். கட்டிச் சுமப்பதற்குக் கூலி தர வேண்டும்.

நாலு கிலோவின் தொல்லைக்கும் நமது இயக்கத்திலேயே விடை இருக்கிறது. இரண்டு குவிண்டால் பருத்தியோடு தனியாக மண்டிக்குப் போகும் விவசாயிக்கு அங்கே மதிப்பில்லை. நூறு பேருடைய பருத்தியைச் சேர்த்து விற்பனைச் சங்கம் கொண்டுபோனால் வியாபாரி தேடி வருகிறார். உறைக்கும் இதுவே வழி. ஒரு வட்டாரத்திலுள்ள நெசவாளர் சங்கம், விற்பனைச் சங்கம், பால் சங்கம், தொடக்க வேளாண்மைச் சங்கம் என்று இருபது சங்கங்கள் சேர்ந்து ஓரிடத்தில் வைத்தால், மாதம் எண்பது கிலோவாகும். ஊராட்சி ஒன்றியத்தின் பிளாஸ்டிக் பிரிப்பு நிலையத்துக்கோ நகராட்சியின் உலர்கழிவு நிலையத்துக்கோ மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு வண்டி போனால் போதும்.

5. செய்முறை

ஒரு சங்கம் பின்வரும் வரிசையில் வேலையைத் தொடங்குவது நலம்.

(அ) முதலில் போக்கிடத்தை நிச்சயம் செய்க. உள்ளாட்சி அதிகாரியைக் காரியதரிசி நேரில் கண்டு, பல அடுக்கு உறையைத் தனியாகப் பெற்றுக்கொள்வார்களா, எந்த நாளில், எந்த நிலையில், பிறகு எங்கே அனுப்புவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அந்தக் கடிதம் வராத வரையில் பெட்டி வாங்க வேண்டாம்.

(ஆ) ஒரு வாரம் எண்ணிப் பார்க்க. பெருக்கிச் சேர்த்ததை இனம் பிரித்து நிறுத்துக் குறிக்க வேண்டும். எந்தப் பண்டம், எந்தக் கடையிலிருந்து மிகுதியாக வருகிறது என்பது இதனால் விளங்கும்.

(இ) மூன்று பாத்திரங்கள் வைக்க. தேயிலைச் சக்கை, பழத்தோல் முதலிய ஈரக் கழிவுக்கு ஒன்று. அது உரக்குழிக்குப் போகும். பால் உறை, பாட்டில், அட்டை முதலிய விலைபோகும் பொருளுக்கு ஒன்று. தின்பண்ட உறைக்கு ஒன்று. மூன்றாவது பாத்திரத்தின்மேல் 'மறுசுழற்சி' என்று எழுதாமல், 'தின்பண்ட உறை: உதறிப் போடுக' என்று எழுதினால் உண்மையும் நிற்கும், வேலையும் நடக்கும்.

(ஈ) உறையைத் திறக்கும்போது மூலையைக் கிழித்து எறியாமல், வெட்டிய துண்டு உறையோடு தொங்கும்படி திறக்கப் பழக வேண்டும். பால் உறைக்கும் இது பொருந்தும். விரல் நகமளவுத் துண்டை எந்தத் துடைப்பமும் முழுதும் பிடிக்காது. பருத்திக் களத்தில் மூட்டைக்குள் நுழைவது பெரும்பாலும் அந்தத் துண்டே.

(உ) துகளை உதறி, உறையைத் தட்டையாக்கிப் போட வேண்டும். நனைந்ததும் எண்ணெய் வழிவதும் மற்றதையெல்லாம் கெடுக்கும். மூடியுள்ள தகரப் பெட்டியாக இருந்தால் எலிக்கு இடமில்லை. பெட்டி நூல் கிடங்கிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும்.

(ஊ) சிறு பதிவேடு ஒன்று திறக்க. தேதி, சேர்ந்த எடை, பெற்றவர், ரசீது எண், இறுதிப் போக்கிடம் என்ற ஐந்து பத்திகள் போதும். பால் உறையும் அட்டையும் விற்ற பணத்தைத் தனியே வரவு வைத்து, சுமக்கும் கூலிக்கு ஈடு செய்யலாம். போதாததைச் சங்கம் ஏற்க வேண்டும்.

(எ) பருத்தி எடுக்கும் காலத்தில் வயலுக்குத் தின்பண்டம் பாத்திரத்திலேயே போக வேண்டும். மூட்டை திறக்கும் களத்தில் பொட்டலம் பிரிப்பதில்லை என்று விற்பனைச் சங்கம் பலகை வைக்கலாம்.

6. உறையே இல்லாத தின்பண்டம்

இவ்வளவும் செய்தாலும், சேரும் உறையைச் சூளை வரையில் கொண்டுபோனதாகவே முடியும். அதனினும் மேலான வழி, உறை வராமல் செய்வது. பல அடுக்கு உறை பண்டத்தைப் பல மாதம் காக்கிறது. தொலைதூரத் தொழிற்சாலையில் செய்து நாடெங்கும் அனுப்ப அந்தக் காவல் தேவை. காலையில் சுட்டு மாலை நாலு மணிக்குத் தின்னும் முறுக்குக்கு அந்தக் காவல் எதற்கு? நமது தறிக்கூடத்துக்கு வேண்டிய காவல் இறுக மூடிய ஓர் எவர்சில்வர் தூக்கோ தகர டின்னோதான்.

விலையையும் ஆராய வேண்டும். ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தின் எடை உறையிலேயே அச்சிட்டிருக்கும். அது 20 கிராம் என்றால், கிலோ 250 ரூபாய் ஆகிறது. அதே பணத்துக்கு உள்ளூரில் என்ன கிடைக்கும் என்று நிர்வாக சபை விசாரிக்கலாம். உணவுப் பாதுகாப்புப் பதிவு பெற்ற மகளிர் சுய உதவிக் குழுவிடம் முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய், பொரியுருண்டை ஆகியவற்றை டின் கணக்கில் வாங்கி, சுண்டலையும் அவித்த கடலையையும் சங்கச் சிற்றுண்டிச் சாலையிலேயே செய்தால், பணம் ஊருக்குள் நிற்கும். கடலையும் பயறும் நமது விற்பனைச் சங்க அங்கத்தினர்களுடையதாகவே இருக்கலாம். வயலில் விளைத்தவரும் தறியில் உழைப்பவரும் ஒரே தட்டில் சந்திப்பதற்கு இதைவிட எளிய வழி வேறில்லை.

ஓர் எச்சரிக்கை. உறைக்குப் பதிலாகப் பழைய செய்தித்தாளில் எண்ணெய்ப் பண்டத்தைச் சுற்றலாகாது. அச்சு மை உணவில் ஏறும் என்பதால் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-ம் ஆண்டிலேயே இதற்கெதிராக எச்சரித்தது. தட்டும் வாழையிலையும் மந்தாரை இலையும் இருக்கின்றன.

1844-ம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள ராச்டேல் நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களும் கூட்டுறவுக் கடை திறந்தபோது விற்றவை மாவு, வெண்ணெய், சர்க்கரை முதலிய சில பொருள்களே. கலப்படமில்லாத சரக்கு, சரியான எடை என்பது அவர்கள் கடையின் பெருமையாயிற்று. முகமறியாதவர் செய்த பண்டத்தை நம்புவதற்கு முத்திரையிட்ட பொட்டலம் வேண்டும். செய்தவரையும் நிறுத்தவரையும் நேரில் அறிந்த சங்கத்தில் அந்த நம்பிக்கையை அங்கத்தினர்களே கொடுக்கிறார்கள்.

இந்த நியாயத்தை நமது சொந்தச் சரக்குக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். நாம் நெய்த சேலையை எந்த உறையில் விற்கிறோம்? நாம் விளைத்த கடலையையும் சிறுதானியத்தையும் எதில் அடைக்கிறோம்? சேலைக்கு அட்டைப் பெட்டியோ துணியுறையோ போதுமானால் அதுவே நன்று. பிளாஸ்டிக் இன்றியமையாத இடத்தில் ஓரினத்தால் ஆன உறையைத் தேர்ந்தெடுத்தால், வாங்கியவர் ஊரில் அது மீள வழியிருக்கும். பிறருடைய உறையைக் குறைகூறும் சங்கம் தன் உறையைப் பற்றி மௌனம் சாதிக்கலாகாது.

7. மகாசபைக்கு ஒரு மாதிரித் தீர்மானம்

'நமது சங்கக் கட்டடத்திலும், தறிக்கூடத்திலும், களத்திலும் சேரும் தின்பண்ட உறைகளை எரிப்பதோ, புதைப்பதோ, வெளியே எறிவதோ இல்லை என்றும்; அவற்றைத் தனியே உலர வைத்து, எடை குறித்து, உள்ளாட்சி நிலையத்தில் ரசீது பெற்று ஒப்படைப்பது என்றும்; இவ்வேலைக்கு உரிய கூலியை வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்குவது என்றும்; சங்கச் செலவில் வாங்கும் தின்பண்டங்களை இயன்றவரை உறையின்றி உள்ளூரிலேயே வாங்குவது என்றும்; உறைப் பதிவேட்டை ஆண்டுதோறும் மகாசபையின் முன் வைப்பது என்றும் இம்மகாசபை தீர்மானிக்கிறது.'

ஆய்வுக் குழுவில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. பால் உறைக்கு விலை உண்டு. வறுவல் உறைக்கு விலை இல்லை. காரணத்தை ஜரிகையையும் கலப்பு நூலையும் உதாரணமாகக் காட்டி விளக்குக.

2. சூளையில் எரிப்பதையும் கொல்லையில் எரிப்பதையும் ஒப்பிடுக. முன்னதை மறுசுழற்சி என்று ஏன் சொல்லலாகாது?

3. உங்கள் சங்கத்தில் ஒரு வாரத்தில் சேர்ந்த உறைகளை எண்ணி நிறுத்து, ஆண்டுக் கணக்கு எழுதுக. அவை இதுவரை எங்கே போயின?

4. உங்கள் வட்டாரத்தில் எந்தெந்தச் சங்கங்கள் சேர்ந்து ஒரு வண்டி அனுப்பலாம்? செலவை எந்த விகிதத்தில் பகிர்வது?

5. தரம் பிரித்துச் சுமப்பவருக்குக் கூலி எவ்வளவு, யார் கொடுப்பது? இக்கேள்விக்கு அவரையும் குழுவில் உட்கார வைத்து விடை காண்க.